பச்சைப்பயறு சோதனையில் நடக்கும் தவறுகள்

உயிரியலில் பிள்ளைகள் கைக்கு முதலில் வரும் சோதனை பெரும்பாலும் பயறு முளைக்க வைப்பதுதான். ஒரு டம்ளர், ஈரப் பஞ்சு, கொஞ்சம் பச்சைப்பயறு போதும். இரண்டு மூன்று நாளில் முளை வந்துவிடும். "விதை முளைக்கத் தண்ணீரும் காற்றும் வெப்பமும் தேவை" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடலாம். ஆனால் அந்த வரியைச் சோதனை சொன்னதா, பாடப்புத்தகம் சொன்னதா? இதைக் கேட்காமல் விடுவதில்தான் மற்றத் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

ஈரப் பஞ்சில் பயறு முளைத்தது என்பது மட்டும் தண்ணீர் தேவை என்பதற்குச் சான்றாகாது. தண்ணீர் இல்லாமல் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பார்க்கவில்லையே. பக்கத்தில் காய்ந்த பஞ்சில் அதே பயறை வைத்தால்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும். கட்டுப்பாட்டு அமைப்பு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். சரி, இரண்டாவது டம்ளரும் வைத்தாயிற்று. அதைத் தூக்கி இருட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டால்? இப்போது தண்ணீரும் இல்லை, வெளிச்சமும் இல்லை. முளைக்காததற்கு எது காரணம் என்று இனிச் சொல்லவே முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை எல்லாம், டம்ளரின் அளவு உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும்.

இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர் 1668-ல் இதை அழகாகச் செய்து காட்டினார். அழுகும் இறைச்சியிலிருந்து புழு தானாகப் பிறக்கிறது என்று அப்போது பலரும் நம்பினார்கள். அவர் சில ஜாடிகளைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்தார். திறந்தவற்றில் மட்டும் புழு வந்தது. மூடிய ஜாடியில் காற்று புகவில்லை, அதனால்தான் புழு உண்டாகவில்லை என்று யாராவது சொல்லலாம் அல்லவா? அதற்காக மெல்லிய துணியால் வாய் கட்டிய ஜாடிகளையும் வைத்தார். காற்று உள்ளே போனது, ஈ போக முடியவில்லை. இறைச்சியில் புழுவும் வரவில்லை. தன் முடிவை மறுக்க என்ன வழி இருக்கிறது என்று அவரே தேடி, அதையும் சோதித்திருக்கிறார். அந்தத் துணிக்காகவே இந்தச் சோதனையை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது எண்ணிக்கை. மூன்று விதைச் சோதனை பலருக்கும் நினைவிருக்கும். மூன்று விதைகளை ஒரு கண்ணாடிப் பட்டையில் மேல், நடு, கீழ் என்று கட்டி, நடுவிதை பாதி நனையும்படி பீக்கரில் தண்ணீர் ஊற்றுவார்கள். மேல் விதைக்குக் காற்று மட்டும், கீழ் விதைக்குத் தண்ணீர் மட்டும், நடுவிதைக்கு இரண்டும் கிடைக்கும் என்பது யோசனை. நல்லதுதான். ஆனால் நடுவில் கட்டிய அந்த ஒற்றை விதை வண்டு அரித்ததாக இருந்தால் மொத்தமும் வீண். கடையில் வாங்கும் சான்று பெற்ற பச்சைப்பயறு விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதவீதம் என்றுதான் நம் நாட்டுத் தரம் வைத்திருக்கிறது. நாலில் ஒன்று முளைக்காமல் போவதும் அந்தக் கணக்குக்குள் அடங்கும். விதைப் பரிசோதனை நிலையங்களில் ஒரு மாதிரிக்கு 400 விதை வைத்துப் பார்ப்பது அதனால்தான். வீட்டில் டம்ளருக்கு இருபது வைத்தால் போதும். அப்புறம், கீழே மூழ்கிய விதைக்குக் காற்றே கிடைக்கவில்லை என்று எழுதுவதும் சரியில்லை. சாதாரணத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றி, மேலே மெல்லிசாக எண்ணெய் விட்டால் அந்த ஓட்டை பெரும்பாலும் அடைபடும்.

எதை அளக்கிறோம் என்பதில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். ஒரு டம்ளரை ஜன்னலோரத்திலும் ஒன்றை இருட்டிலும் ஒரு வாரம் வைத்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இருட்டில் வளர்ந்தது நெடுநெடுவென்று உயர்ந்திருக்கும். உயரத்தை மட்டும் குறித்தவர் "இருட்டில் செடி நன்றாக வளர்கிறது" என்று எழுதிவிடுவார். செடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறு: தண்டு வெளிறி, நூல்போல மெலிந்து, இலை மஞ்சளாகச் சுருங்கி, நிமிர்ந்து நிற்கவே தெம்பில்லாமல் இருக்கும். விதைக்குள் இருந்த சேமிப்பைச் செலவழித்து வெளிச்சத்தைத் தேடி நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். காயவைத்து எடை போட்டால், நட்ட விதையின் எடையைவிடக் குறைந்தே இருக்கும்.

எடை போடுவதால் மட்டும் எல்லாம் தெளிவாகிவிடாது. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த பழைய காலத்து வேதியியலாளர் வான் ஹெல்மோன்ட் 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். தூசி விழாமல் துளையிட்ட தகரத்தால் தொட்டியை மூடியும் வைத்தார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் சுமார் இரண்டு அவுன்ஸ்தான் குறைந்தது. மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்பது இதனால் உறுதியானது. ஆனால் அவர் எழுதியது, மரம் முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. மரத்தின் கார்பன் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவது பிற்காலத்தில்தான் தெரிந்தது. அளவுகள் சரி, முடிவு பாதிதான் சரி. தான் நினைத்துப் பார்த்த காரணங்களைத் தவிர வேறு காரணமே கிடையாது என்று எடுத்துக்கொள்வது இன்றும் அடிக்கடி நடக்கும் தவறு.

நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்க்கும்போதும் இப்படி ஒன்று நடக்கிறது. மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பைச் சாய்வாக, மெதுவாக இறக்காமல் பொத்தென்று போட்டால் காற்றுக் குமிழ் சிக்கிக்கொள்ளும். கறுப்பாகத் தடித்த விளிம்போடு வட்டமாகப் பளிச்சென்று தெரிவதால், அதையே செல் என்று வரைகிறவர்கள் உண்டு. செல்கள் செங்கல் அடுக்கியதுபோல நீளவாக்கில், மெல்லிய கோடுகளோடு இருக்கும். இன்னும் வருத்தமானது, கண்ணால் பார்க்காமலே, செல்லுக்குள் இருக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா, பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் எல்லாம் வரைந்து பெயர் குறிப்பது. வெங்காயத்தின் உள்தோலில் பசுங்கணிகமே கிடையாது. பள்ளி நுண்ணோக்கியில் செல் சுவரும், சாயம் ஏற்றினால் உட்கருவும் தெரியும். தெரிந்ததை மட்டும் வரைந்த பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பது ஆசிரியர்கள் பக்கத்துத் தவறு.

எண்களுக்கும் இதுவே பொருந்தும். எதிர்பார்த்தபடி வராத எண்ணை அழிரப்பர் போட்டு அழிக்காதீர்கள். காய்ந்த டம்ளரில் ஒரு பயறு முளைத்திருந்தால் அப்படியே எழுதி, பஞ்சில் ஈரம் இருந்ததா என்று தொட்டுப் பாருங்கள்.

கடைசியாக, முடிவை எழுதும் விதம். இருட்டிலும் பயறு முளைத்ததைப் பார்த்தவர் "விதை முளைக்க ஒளி தேவையில்லை" என்று எழுதுவார். பச்சைப்பயறுக்கு அது சரி. புகையிலைக்கும் லெட்யூஸ் கீரையின் சில ரகங்களுக்கும் ஒளி பட்டால்தான் முளைப்பு நன்றாக வரும். அவை மிகச் சிறிய விதைகள், உள்ளே சேமிப்பு கொஞ்சம்தான். ஆழத்தில் முளைத்தால் மேலே வந்து சேர்வதற்குள் அது தீர்ந்துவிடும். ஆகவே நோட்டில் "இந்தச் சோதனையில் பச்சைப்பயறு இருட்டிலும் முளைத்தது" என்று எழுதுங்கள். எத்தனை விதை வைத்தீர்கள், எத்தனை முளைத்தன என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.