டேட்டிங் ஷோவுக்கு நீங்களே குறும்படம் போடுவது எப்படி

பிக்பாஸ் பார்த்துப் பழகியவர்களுக்குக் குறும்படம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 2017-ல் முதல் சீசனிலேயே, வீட்டுக்குள் ஒருவர் சொன்னதையும் உண்மையில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கமல்ஹாசன் ஓட்டிக் காட்டினார். 'லவ் இஸ் பிளைண்ட்', 'தி பேச்சிலர்' (ஒரு ஆண் பல பெண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது), 'லவ் ஐலண்ட்' மாதிரியான வெளிநாட்டு டேட்டிங் ஷோக்களில் அந்த வசதி கிடையாது. கடைசியில் போட்டியாளர்கள் மறுபடி கூடிப் பேசும் ரீயூனியன் எபிசோட் ஒன்று வரும். அங்கேயும் எந்த கிளிப் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது தயாரிப்பாளர்தான். (பிக்பாஸ் குறும்படமும் சேனல் வெட்டித் தந்ததுதானே என்று கேட்டால், ஆமாம்.)

"அவன் ஃபேக்", "அவள் கேம் ஆடுகிறாள்" என்று எழுதுவதற்கு முன் நீங்களே குறும்படம் போட்டுப் பார்க்கலாம். ஒரு நோட்டு, ஒரு ஹெட்ஃபோன், ஒரு காட்சியை இரண்டு தரம் பார்க்கிற பொறுமை இருந்தால் போதும்.

நோட்டில் மூன்று பத்தி

முதல் தரம் வீட்டோடு உட்கார்ந்து சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாவது தரம் முழு எபிசோடும் வேண்டாம். எந்தச் சண்டையைப் பார்த்துக் கோபம் வந்ததோ அந்த மூன்று நான்கு நிமிடம் மட்டும். நோட்டுப் பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்து, போட்டியாளர் சொன்ன, செய்த ஒவ்வொன்றையும் அதில் ஒன்றில், நேரக் குறிப்போடு எழுதுங்கள். வாய் அசைவது தெரிய, ஒரே ஷாட்டில், வெட்டில்லாமல் வந்தது முதல் பத்தி. குரல் மட்டும் கேட்டு, திரையில் முதுகோ கடற்கரையோ வேறொருவர் முகமோ தெரிந்தால் இரண்டாவது. பேச்சே இல்லாத முகபாவம், அதாவது கண்ணை உருட்டுவது, உதட்டைச் சுழிப்பது, மூன்றாவது.

முதல் பத்தியில் இருப்பதை வைத்து மட்டும்தான் ஒருவரைக் கேள்வி கேட்கலாம். 'லவ் இஸ் பிளைண்ட்' முதல் சீசனில் ஒருவர் தன் கிளாஸிலிருந்து நாய்க்கு ஒயின் குடிக்கக் கொடுத்தார். கேமரா முன்னால், அவர் கையால். அதை எந்த எடிட்டரும் தைத்துத் தரவில்லை. மாறாக, அவள் அழும்போது இவன் சிரித்தான் என்பது பெரும்பாலும் மூன்றாவது பத்தி. அந்தச் சிரிப்பு காலையில் காபி குடிக்கும்போது சிரித்ததாகவும் இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் தெரியாதவரை அதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது பத்திதான் ஆபத்தானது. வெவ்வேறு நேரத்தில் பேசிய துண்டுகளை ஒட்டி ஒரே வாக்கியமாக்குவதற்குத் தொழிலில் 'ஃபிராங்கன்பைட்' என்று பெயர். தமிழில் வினை கடைசியில் வருவதால் நம் மொழி ஷோக்களில் இது இன்னும் சுலபம். "எனக்கு அவளைப் பிடிக்கும், அவங்க அம்மா பேசினதுதான் பிடிக்கலை" என்பதன் நடுவை எடுத்துவிட்டால் "எனக்கு அவளை… பிடிக்கலை". பேசினது அவர் வாய்தான், பேச்சு அவருடையதல்ல.

ஹெட்ஃபோன் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டால் தையல் காதில் படும். வாக்கியம் முடியாமலே குரல் இறங்கும், அல்லது முடிகிற இடத்தில் இறங்காமல் தொங்கும். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் மூச்சே இருக்காது. பின்னால் ஓடும் ஏசி இரைச்சல் ஒரு சொல்லுக்கு மட்டும் நின்று மறுபடி வரும். இதில் இரண்டு சேர்ந்து வந்தால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். ஒன்று மட்டும் வந்தால் கேள்விக்குறி போட்டு வையுங்கள். மைக் உரசினாலும் அப்படிக் கேட்கும்.

தனியாக உட்கார்ந்து பேசும் பேட்டிகளில் தோடு, தலைமுடி, சட்டைக் காலரைப் பாருங்கள். ஒரே விஷயத்தைப் பற்றிய பேச்சில் இவை மாறினால் இரண்டு நாள் பேச்சு ஒன்றாகிவிட்டது. இன்னொன்று: கேள்வியையும் பதிலோடு சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்று பேட்டி எடுப்பவர் கேட்பது வழக்கம். "இந்த வாரம் போகப் போவது நான்தானோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பயம் அவர் மனதில் வந்ததா, கேள்வியில் வந்ததா என்பது நமக்குத் தெரியாது. 'லவ் இஸ் பிளைண்ட்' ஷோவில் போட்டியாளர்கள் குடிக்கும் தங்க நிற டம்ளர்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. கண்ணாடிக் கிளாஸாக இருந்தால், ஒயின் ஏறி இறங்குவதை வைத்தே காட்சி எங்கே வெட்டப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.

காலண்டர்

ஒருவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று கோபப்படும் முன், அவரால் பேச முடியுமா என்று பாருங்கள். 'பேச்சிலர்' ஒளிபரப்பாகும்போது படப்பிடிப்பு முடிந்திருக்கும். முடிவை வெளியே விடக்கூடாது என்று ஒப்பந்தம் இருப்பதால், கடைசி எபிசோட் வரை போட்டியாளர் முடிவைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. 'லவ் ஐலண்ட்' நேர்மாறு: முந்தைய நாள் நடந்தது மறுநாள் இரவு வரும், உள்ளே இருப்பவர் கையில் சொந்த ஃபோன் இருக்காது. பிரிட்டன் 'லவ் ஐலண்ட்'டில் 2023 முதல், போட்டியாளர் உள்ளே இருக்கும்வரை அவருடைய சமூக ஊடகக் கணக்கு முடங்கியே இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாட்களில் அவர் பெயரில் சூடாக ஏதாவது பதிவு வந்தால் போலிக் கணக்கா என்று முதலில் பாருங்கள்.

நிஜமா, வேஷமா

கேமரா முன் அழுவதை வைத்து நேர்மையை அளக்க முடியாது. ஒரே விஷயத்தை ஒருவர் இரண்டு பேரிடம் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். காதலியிடம் "எந்த ஊரானாலும் வருவேன்", நண்பனிடம் "இந்த ஊரை விட்டு நகர மாட்டேன்": இரண்டும் முதல் பத்தியில் இருந்தால் அது கணக்குப் போட்டுப் பேசுவது. கடன், குழந்தை, மதம், குடியிருக்கும் ஊர் ஆகிய நான்கில் பிடி கொடுக்காமல் நழுவுகிறவர் உணர்ச்சியைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும் மதிப்பெண் போட வேண்டாம்.

பலர் ஏமாறுகிற இடம் வேறு. சின்னத் தப்பை ஒப்புக்கொள்பவரை முழு உண்மை பேசுபவர் என்று நம்பிவிடுகிறோம். 2019 'பேச்சிலரெட்'டில் (இதில் தேர்ந்தெடுப்பவர் பெண்) ஜெட் வயட், பாட்டுத் தொழிலுக்கு உதவும் என்ற எண்ணத்தில்தான் வந்தேன் என்று ஹானா பிரவுனிடம் தானே சொன்னார். எவ்வளவு வெளிப்படையான பையன் என்று தோன்றியது. ஹானா அவரையே தேர்ந்தெடுத்தார். படப்பிடிப்புக்குக் கிளம்பும் வரை ஊரில் ஒரு பெண்ணோடு பழகிக்கொண்டிருந்த விஷயம் பிறகுதான் வெளியே வந்தது, நிச்சயமும் முறிந்தது. ஒப்புக்கொண்டது எது என்பதோடு, அது ஒப்புக்கொள்ள வசதியான விஷயமா என்றும் எழுதி வையுங்கள்.

பழைய பதிவுகள் கிளம்பும்போது

தேதி இல்லாத ஸ்கிரீன்ஷாட்டைத் தள்ளிவிடுங்கள். லைக் போட்டதும் தானே எழுதியதும் ஒன்றல்ல, ஆனால் லைக் ஒன்றுமே இல்லை என்றும் ஆகாது. குடும்பத்தையும் வேலை பார்க்கும் இடத்தையும் தேடிப் போவது பொறுப்புக் கேட்பதில் சேராது, அது தொல்லை.

உண்மை என்று உறுதியானால் அடுத்து மன்னிப்பை எடைபோட வேண்டும். ஷோ போட்டியாளர் எந்த மொழியில் எழுதினாலும் ஒரு வார்ப்பு உண்டு: "யார் மனசாவது புண்பட்டிருந்தால் மன்னிச்சிடுங்க. அது நான் இல்லை, என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்." இதில் செய்த காரியம் இல்லை, யாருக்குச் செய்தார் என்பதும் இல்லை. "புண்பட்டிருந்தால்" என்பதில் உள்ள "ஆல்" பாரத்தை அப்படியே எதிராளி தலையில் ஏற்றிவிடுகிறது. "அன்று ராத்திரி அவளைப் பற்றி மூன்று பேரிடம் பொய் சொன்னேன். அவளிடம் நேரில் சொல்லிவிட்டேன்" என்று இருந்தால் முழு மதிப்பெண். காரணம் சொல்லலாம், மன்னிப்பைவிட நீளமானால் கழித்துவிடுங்கள்.

2021-ல் மேட் ஜேம்ஸ் 'பேச்சிலர்' ஆக வந்த சீசனை ஒப்பிட எடுத்துக்கொள்ளலாம். போட்டியாளர் ரேச்சல் கிர்க்கனல் 2018-ல், அடிமைமுறைக் காலத்துப் பண்ணை வாழ்க்கையைக் கொண்டாடும் விருந்தில் இருந்த படங்கள் வெளிவந்தன. தன் அறியாமையே இனவெறிதான் என்று அவர் எழுதினார். தனக்காக வாதாடியவர்களை நிறுத்தச் சொன்னார். அவருக்குப் பரிந்து பேட்டியில் பேசிய தொகுப்பாளர் கிறிஸ் ஹாரிசன்தான் அந்த ஆண்டு நிகழ்ச்சியை விட்டே போக வேண்டி வந்தது.

பில்லில் யார் பெயர்

எல்லாவற்றையும் போட்டியாளர் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. தூக்கம், சாப்பாடு, மது எல்லாம் தயாரிப்பாளர் கையில். 'லவ் இஸ் பிளைண்ட்' போட்டியாளர் ஒருவர் 2022-ல் தொடுத்த வழக்கில், சாப்பாடும் தண்ணீரும் குறைவு, மது மட்டும் தாராளம் என்று குற்றம் சாட்டினார், தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். டிசம்பர் 2024-ல் அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மண்டல அலுவலகம் ஒன்று, போட்டியாளர்களை ஊழியர்களாகவே கருத வேண்டும் என்ற அடிப்படையில் புகார் தொடுத்தது.

தமிழில் நல்ல உதாரணம் 'எங்க வீட்டு மாப்பிள்ளை'. 2018-ல் கலர்ஸ் தமிழில் நடிகர் ஆர்யாவுக்கு மணப்பெண் தேடி 16 பெண்களோடு தொடங்கி, முடிவில் அவர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. திட்டு முழுக்க அவருக்கே விழுந்தது. ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் வருந்துவார்கள் என்று அவர் சொன்னதை முதல் பத்தியில் எழுதி, கேள்வி கேளுங்கள். ஆனால் கல்யாணம் நடக்கும் என்ற வாக்கு நிகழ்ச்சியின் பெயரிலேயே இருந்தது. பெயர் வைத்தது ஆர்யா அல்ல.

ரீயூனியன் வந்த மறுநாள் நோட்டை எடுத்து, இரண்டாவது மூன்றாவது பத்திகளில் இருந்து எதையாவது முதல் பத்திக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். சம்பந்தப்பட்டவரே "ஆமாம், சொன்னேன்" என்றால் மாற்றலாம். மற்றதைப் பேனாவால் அடித்துவிடுங்கள், பென்சிலால் வேண்டாம்.