சாண்டா கிளாரா கவுன்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அபாய அறிவிப்பு பெறுவது எப்படி, பட்ஜெட் படிப்பது எப்படி

கலிஃபோர்னியாவில் சன்னிவேல், கூப்பர்டினோ, சான் ஹோசே பக்கம் புதிதாக வீடு பிடித்து வருகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் எது, இந்திய மளிகைக் கடை எது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. நம் ஊர் மாவட்டம் மாதிரி இங்கே கவுன்டி நிர்வாகம் என்று ஒன்று இருப்பது மட்டும் சொந்த வீடு வாங்கி, சொத்து வரி பில் வரும்போதுதான் பலருக்கு உறைக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்த பில்லும் வராது.

ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும், வரிப்பணம் எங்கே போகிறது என்ற இரண்டையும் கவுன்டி வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் முதலாவது முழுமையாக வந்து சேர நாம் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டாவதை நாமே தேடிப் போய்ப் படிக்க வேண்டும். பதிவு வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பட்ஜெட்டுக்கு மே, ஜூன் மாதங்களில் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

படி 1: யார் எந்த வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. சாண்டா கிளாரா என்று ஒரு நகரம் உண்டு, அதே பெயரில் கவுன்டியும் உண்டு. கவுன்டிக்குள் 15 நகரங்கள். அந்த நகரமும் அவற்றில் ஒன்றுதான். நம் ஊர் மாவட்டத்தில் அரசு நியமித்த ஆட்சியர் தலைமையில் நிர்வாகம் நடக்கும். இங்கே மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து சூப்பர்வைசர்கள் அடங்கிய சபைதான் கவுன்டியின் கொள்கையையும் பட்ஜெட்டையும் முடிவு செய்கிறது. அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் கவுன்டி எக்ஸிக்யூட்டிவை அந்தச் சபை நியமிக்கிறது.

தெருவிளக்கு, குப்பை, பூங்கா பெரும்பாலும் நகரத்தின் வேலை. பொது மருத்துவமனைகள், சுகாதாரத் துறை, சிறை, தேர்தல் நடத்துவது, சொத்து வரி வசூல் எல்லாம் கவுன்டி. தீயணைப்பு இடத்துக்கு இடம் மாறும். கூப்பர்டினோவுக்குக் கவுன்டி தீயணைப்புத் துறை வருகிறது, சான் ஹோசேக்குச் சொந்தத் துறை இருக்கிறது, சன்னிவேலில் போலீஸ்காரர்களே தீயணைப்பு வீரர்களும் கூட. அணைகளும் வெள்ளத் தடுப்பும் வேலி வாட்டர் என்ற தனி அமைப்பின் பொறுப்பு.

ஆபத்து நேரத்தில் இந்தப் பிரிவுகளுக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு 2017 பிப்ரவரியே உதாரணம். பெருமழையில் ஆண்டர்சன் அணை நிரம்பி வழிந்தது. பிப்ரவரி 21 அன்று கயோட்டி கிரீக் கரையை மீறிச் சான் ஹோசேவுக்குள் புகுந்தது. ராக் ஸ்பிரிங்ஸ் குடியிருப்பில் பலருக்கு விஷயம் தெரிந்ததே தீயணைப்புப் படகுகள் வாசலுக்கு வந்தபோதுதான். சுமார் 14,000 பேர் வெளியேற வேண்டியிருந்தது. எச்சரிக்கை ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு நகர நிர்வாகமும் தண்ணீர் அமைப்பும் ஒன்றையொன்று கைகாட்டின. அன்றைய மேயர் சாம் லிக்கார்டோ தவறு நடந்ததை ஒப்புக்கொண்டார். அந்தப் பகுதியில் வியட்நாமிய மொழியும் ஸ்பானிஷும் பேசுகிறவர்கள் அதிகம். ஆங்கிலம் மட்டும் போதாது என்பதும் அந்த வெள்ளத்தில் தெரிந்தது.

படி 2: அலர்ட்எஸ்சிசியில் பதிவு செய்யுங்கள்

கவுன்டியின் இலவச அறிவிப்புச் சேவையின் பெயர் அலர்ட்எஸ்சிசி. கவுன்டியின் அதிகாரப்பூர்வத் தளத்துக்குள் போய் அங்கிருந்து திறப்பது நல்லது. பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், முகவரி கொடுத்தால் பதிவு முடிந்தது.

முகவரி கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். இந்தச் சேவை நீங்கள் கொடுக்கும் முகவரியை வைத்துத்தான் செய்தி அனுப்புகிறது. வீட்டு முகவரியோடு நிறுத்திவிட்டால், மலையடிவாரப் பள்ளியில் பிள்ளை இருக்கும்போது அங்கே தீ என்றால் உங்களுக்கு எதுவும் வராது. அலுவலகம், பள்ளி முகவரிகளையும் சேர்த்துவிடுங்கள். வீடு மாறினால் முகவரியை மாற்றவும் மறக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும் நம் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பழைய அபார்ட்மென்டின் வெள்ள எச்சரிக்கை வந்துகொண்டிருக்கும் என்பது என் சந்தேகம்.

படி 3: கைப்பேசியில் அரசு அறிவிப்புகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்

திடீரென்று எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அலறுமே, அது வேறு வழி. அதற்குப் பதிவு தேவையில்லை. குறிப்பிட்ட பகுதியின் செல் கோபுரங்களிலிருந்து அங்கிருக்கும் போன்கள் எல்லாவற்றுக்கும் போகிறது. ஐபோனில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அடிவரை இறங்கினால் 'கவர்ன்மென்ட் அலர்ட்ஸ்' இருக்கும். ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'எமர்ஜென்சி அலர்ட்ஸ்' என்று தட்டினால் வந்துவிடும். இரவில் ஒருமுறை காணாமல் போன குழந்தை பற்றிய அறிவிப்பு எழுப்பிவிட்டது என்று கடுப்பில் எல்லாவற்றையும் அணைத்தவர்கள் உண்டு. குறைந்தபட்சம் எமர்ஜென்சி, பப்ளிக் சேஃப்டி இரண்டையும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

இந்த வழி இருக்கிறதே, அலர்ட்எஸ்சிசி எதற்கு என்று கேட்கலாம். 2017 அக்டோபரில் வடக்கே சொனோமா கவுன்டியில் காட்டுத்தீ பரவிய இரவில், அங்கிருந்த அதிகாரிகள் இந்தப் பரவலான அறிவிப்பை அனுப்பவே இல்லை. தேவையில்லாத இடத்துக்கெல்லாம் செய்தி போய்ச் சாலைகள் அடைத்துக்கொள்ளும் என்று பயந்தார்கள். பதிவு செய்தவர்களுக்கு வேறு வழிகளில் செய்தி போனது. பிறகு மாநில அரசின் ஆய்வு அந்த முடிவைக் கடுமையாக விமர்சித்தது. அதனால் இரண்டு வழியும் இருக்கட்டும்.

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா, அம்மா பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் வீட்டில் தனியாக இருப்பது அவர்கள்தான். பலர் இந்திய சிம்மோடு வைஃபையில் வாட்ஸ்அப் மட்டும் ஓட்டுகிறார்கள். செல் கோபுர அறிவிப்பு வைஃபை வழியாக வராது. ஒரு மலிவான ப்ரீபெய்ட் சிம் வாங்கிப் போட்டு, அந்த எண்ணையும் அலர்ட்எஸ்சிசியில் சேர்த்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

நிலநடுக்கத்துக்கு மைஷேக் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். பெர்க்லி பல்கலைக்கழகம் உருவாக்கியது. நிலநடுக்க அளவு 4.5 அல்லது அதற்கு மேல் என்று கணக்கிட்டால், அதிர்வு உங்களிடம் வந்து சேருவதற்குச் சில விநாடி முன்னால் கத்தும். லொக்கேஷன் அனுமதியை 'ஆல்வேஸ்' என்று வைக்காவிட்டால் நீங்கள் இருக்கும் இடத்துக்கான எச்சரிக்கை தவறிவிடலாம். கத்தினால் வெளியே ஓடக் கூடாது. மேசைக்கடியில் போய், தலையை மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊரில் நமக்குப் பழகியது வெளியே ஓடுவது. ஆகவே இதை வீட்டில் ஒருமுறை செய்தே பாருங்கள். அக்டோபர் மூன்றாவது வியாழக்கிழமை மாநிலம் முழுக்க ஒத்திகை நடக்கிறது.

படி 4: உங்கள் மண்டலத்தைக் குறித்துவையுங்கள்

வெளியேறச் சொல்லும்போது கவுன்டி தெருப் பெயர்களை அடுக்காது, மண்டல எண்ணைச் சொல்லும். ஜெனாசிஸ் ப்ரொடெக்ட் தளத்தில் உங்கள் முகவரியைத் தட்டினால் மண்டலம் தெரியும். ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

இரண்டு சொற்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். 'இவாக்குவேஷன் வார்னிங்' என்றால் ஆபத்து வரக்கூடும், கிளம்பத் தயாராகுங்கள் என்று பொருள். வயதானவர்கள், கைக்குழந்தை, செல்லப்பிராணி உள்ள வீட்டார் இந்த நிலையிலேயே கிளம்பிவிட வேண்டும். 'ஆர்டர்' என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து, சட்டப்படி வெளியேறியாக வேண்டும்.

படி 5: அறிவிப்பு வந்தால் முதலில் முழுக்கப் படியுங்கள்

2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஒரு சிறு பகுதிக்குப் போக வேண்டிய வெளியேற்ற எச்சரிக்கை, கவுன்டி முழுக்க, ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குப் போய்விட்டது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் பாலிசேட்ஸும் ஆல்ட்டடீனாவும் எரியத் தொடங்கியிருந்தன. ஊரே பதறிவிட்டது. முதல் செய்தியில் இடத்தின் பெயர் சரியாக இல்லாததுதான் பெரிய சிக்கல்.

செய்தி வந்தால் யார் அனுப்பியது, எந்த இடத்துக்கு, என்ன செய்யச் சொல்கிறது என்ற மூன்றையும் தேடுங்கள். ஒன்று குறைந்தாலும் கவுன்டி தளத்திலும் மண்டல வரைபடத்திலும் சரிபாருங்கள். ஆனால் புகை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் சரிபார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், கிளம்புங்கள். தகவல் மட்டும் வேண்டுமென்றால் 211, உயிராபத்துக்கு மட்டும் 911. தமிழ் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதானால் தேதியும் நேரமும் போட்டுப் பகிருங்கள். நேற்றைய ஸ்கிரீன்ஷாட் இன்று சுற்றினால் அதற்குப் பெயர் வதந்திதான்.

அவசரப் பை பற்றி எழுதாதவர்களே இல்லை, அதனால் சுருக்கமாக: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், மருந்து, டார்ச், சில்லறைப் பணம். அதோடு பாஸ்போர்ட்களும் ஐ-797 போன்ற விசா தாள்களும் ஒரே உறையில் இருக்கட்டும்.

படி 6: பட்ஜெட்டைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

மேலே சொன்ன சேவைகளில் கவுன்டி நடத்துபவற்றுக்குப் பணம் கவுன்டி பட்ஜெட்டிலிருந்தே வருகிறது. நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மே மாதத் தொடக்கத்தில் எக்ஸிக்யூட்டிவ் தன் பரிந்துரைப் பட்ஜெட்டை வெளியிடுவார். ஜூனில் சபை விசாரணை நடத்தி நிறைவேற்றும்.

மொத்தம் 1,200 கோடி டாலருக்கும் மேல். நூற்றுக்கணக்கான பக்கங்கள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் தூக்கம்தான் வரும். என் வழி இது: எக்ஸிக்யூட்டிவின் முன்னுரைக் கடிதத்தைப் படிப்பேன், ஏனென்றால் எதை வெட்டுகிறார்கள் என்பது அங்கே வந்துவிடும். அப்புறம் நேராகப் பின்னால் போய், கோப்புக்குள் 'எமர்ஜென்சி மேனேஜ்மென்ட்' என்று தேடுவேன். அந்தத் துறையில் போன வருடம் எத்தனை பணியிடங்கள், இந்த வருடம் எத்தனை என்பதைப் பார்ப்பேன். டாலர் தொகை சம்பள உயர்வாலேயே கூடும், அதனால் ஏமாற்றும். ஆள் எண்ணிக்கையைப் பார்த்தால் நிஜ நிலைமை தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம்: மொத்தத் தொகையைப் பார்த்து வாய் பிளக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி இன்ன செலவுக்கு மட்டும் என்று மாநில, மத்திய அரசுகள் கட்டிப்போட்டுத் தரும் பணம். சபை ஓரளவு சுதந்திரமாகக் கைவைக்கக்கூடியது 'ஜெனரல் ஃபண்ட்' எனப்படும் பொது நிதி, அதிலும் ஒரு பகுதிதான். செலவில் பெரிய பங்கு மருத்துவமனைகளுக்குப் போகிறது. 2025இல் ரீஜனல் மெடிக்கல் சென்டரையும் வாங்கியதோடு கவுன்டியிடம் நான்கு மருத்துவமனைகள். அதே ஆண்டு மத்திய அரசு, குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் நிதியைக் குறைக்க முடிவெடுத்தபோது அடி நேராக இங்கே விழுந்தது. ஈடுகட்ட, 0.625 சதவீத விற்பனை வரியை ஐந்து ஆண்டுகளுக்கு விதிக்கும் 'மெஷர் ஏ' நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்து நிறைவேறியது. வாக்குரிமை இல்லாத நாமும் கடையில் பொருள் வாங்கினால் அந்த வரியைக் கட்டத்தான் வேண்டும்.

வீடு வாங்கியவர்களுக்கு: சொத்து வரியின் முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவதற்கு ஏப்ரல் 10 கடைசி நாள். தவறினால் 10 சதவீத அபராதம். பில்லைக் கவுன்டி அனுப்பினாலும் பணம் முழுக்க அதற்குப் போவதில்லை. பள்ளிகளுக்குப் பெரிய பங்கு, நகரத்துக்கும் மற்ற அமைப்புகளுக்கும் மீதியில் பங்கு.

படி 7: கூட்டத்தில் பேசுங்கள்

சபைக் கூட்டங்கள் சான் ஹோசேயில் 70, வெஸ்ட் ஹெடிங் தெருக் கட்டடத்தில் நடக்கின்றன. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது 1953இல் வந்த பிரௌன் சட்டம். அந்த நிரலில் உங்களுக்கு வேண்டிய விஷயத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பேச விரும்புவதாகத் தெரிவித்தால் போதும்.

எச்-1பி விசாவில் இருப்பவர் பேசலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் பேசலாம். குடியுரிமை கேட்க மாட்டார்கள். நேரம் குறைவு, கூட்டம் அதிகமென்றால் இன்னும் குறைப்பார்கள். அதனால் 'மதிப்புக்குரிய' என்று நீட்டாமல், எந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள், பட்ஜெட்டின் எந்த வரி, என்ன மாற்றம் வேண்டும் என்று மூன்று வாக்கியத்தில் முடியுங்கள்.

என்ன கேட்பது என்று தெரியவில்லை என்றால் ஒரு யோசனை. அவசரத் தகவலை எந்தெந்த மொழியில் கட்டாயம் தர வேண்டும் என்பதற்குக் கலிஃபோர்னியா சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் பேசும் மொழி, மக்கள்தொகையில் 5 சதவீதத்தைத் தொட வேண்டும். தமிழ் அந்த வரம்புக்கு எட்டாது. ஆனால் கவுன்டி தானாக முன்வந்து ஒரு பக்கக் கையேட்டைத் தமிழில் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. தமிழ்ப் பள்ளிகள் மொழிபெயர்த்துத் தரத் தயார் என்று சொன்னால் செலவும் பெரிதாக இருக்காது.

இதை ஆறு மாதம் தங்க வந்திருக்கும் உங்கள் அம்மாவே எழுந்து தமிழில் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுகிறவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி அரங்கில் இல்லையென்றால், குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்று அதே பிரௌன் சட்டம் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் சபைச் செயலர் அலுவலகத்திடம் சில நாள் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.