பழைய புல்லட்டில் கிளட்ச் கோளாறு: இடது கவரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

இது வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உள்ள, திருவொற்றியூரில் தயாரான நான்கு கியர் வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டுக்கானது. கிளட்ச் போய்விட்டது என்று பட்டறைக்கு வரும் வண்டிகள் பலவற்றில் பிளேட் நன்றாகவே இருக்கும். வயரிலோ, கியர்பாக்ஸ் பக்க அட்ஜஸ்ட்மென்ட்டிலோ, ஆயிலிலோதான் குறை. அதனால் வெளியிலிருந்து உள்ளே போவதே சரியான வரிசை.

முதலில் எந்தக் கோளாறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கியரில் மேட்டில் த்ராட்டிலைத் திறந்தால் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப். லீவரை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னே நகர்கிறது, முதல் கியர் 'டக்'கென்று அடித்து விழுகிறது, நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்கவில்லை என்றால் கிளட்ச் கட் ஆகவில்லை, அதாவது என்ஜினிலிருந்து முழுதாகப் பிரியவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஸ்லிப்பைக் கண்டுபிடிக்கப் புல்லட்டில் ஒரு வசதி உண்டு. கிக்கரின் விசை கியர்பாக்ஸ் ஷாஃப்ட், கிளட்ச், பிரைமரி செயின் (என்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் செயின்) வழியாகத்தான் என்ஜினின் சுழலும் அச்சான கிராங்குக்குப் போகிறது. கிளட்ச் வழுக்கினால் கம்ப்ரஷனில் கிக்கர் கனமில்லாமல் வழவழவென்று கீழே போகும், என்ஜின் சுற்றாது. ரோட்டில் தெரிவதற்கு முன்பே இது தெரியும். ஆனால் கிக்கர் 'கடக்'கென்று பல் தாண்டி விழுந்து, ஓட்டும்போது இழுவை சரியாக இருந்தால் அது கிக் ராட்செட் (கிக்கரின் பல் பூட்டு) தேய்மானம். இதற்குப் போய் பிளேட் மாற்றுவது வீண் செலவு.

லீவர் கனமாக இருந்தால் வயரைக் கியர்பாக்ஸ் முனையில் கழற்றி உள்கம்பியைக் கையால் இழுங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் வயர்தான் குறை. நிப்பிள் (வயர் முனையின் குமிழ்) அருகே இழைகள் பிரிந்திருக்கிறதா, டேங்குக்கு அடியில் வயர் மடங்கியிருக்கிறதா பாருங்கள். உள்கம்பி தடையில்லாமல் வந்தால் கோளாறு உள்ளே, புஷ் ராடிலோ (கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் கம்பி) அதைத் தள்ளும் லீவரிலோ.

அடுத்தது அட்ஜஸ்ட்மென்ட். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். பிளேட் தேயத் தேய, பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உள்ளே வந்து புஷ் ராடை வலப்பக்கம் தள்ளும். ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் பிரியத் தொடங்கும் முன் லீவருக்குள்ள சும்மா ஆட்டம், குறையும். ஃப்ரீ பிளே இல்லாமல் போனால் ராடு எப்போதும் பிளேட்டை அழுத்திக்கொண்டிருக்கும், கிளட்ச் வழுக்கும், ராடின் முனையும் சூடேறித் தேயும். இதை வயர் அட்ஜஸ்டரில் மட்டும் சரிசெய்துகொண்டே போனால் உள் லீவரின் கோணம் கெட்டு, கட் ஆகும் தூரம் குறைந்துவிடும். வயர் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்துங்கள். கியர்பாக்ஸ் கவரிலுள்ள சிறு மூடியைத் திறந்து, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை ராடில் தொடும் வரை மெதுவாகத் திருகுங்கள். அங்கிருந்து கால் முதல் அரைச் சுற்று பின்னே எடுத்து நட்டைப் பூட்டுங்கள். கடைசியாக லீவருக்கும் ஹோல்டருக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி வயரை வையுங்கள்.

காலையில் மட்டும் கியர் அடித்து விழுந்தால் அது கோளாறே அல்ல. குளிர்ந்த ஆயிலில் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன் லீவரைப் பிடித்தபடி இரண்டு மூன்று முறை கிக்கரை மிதியுங்கள், பிரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லையென்றால் கிளட்சை மூடியிருக்கும் இடது கவரைத் திறக்கலாம். இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடலை எடுத்துவிட்டு, அடியில் தட்டு வைத்து, நடுவிலுள்ள ஒரே நட்டைக் கழற்றுங்கள். வடியும் ஆயிலைக் கவனியுங்கள். ஊற்றியதைவிட அதிகமாக, கறுப்பாக வந்தால் கிராங்க் பக்கத்திலிருந்து என்ஜின் ஆயில் கசிகிறது. கார்களுக்கான, உராய்வைக் குறைக்கும் ஆயிலை ஊற்றியிருந்தாலும் கிளட்ச் வழுக்கும். பிளேட்டுகளைத் திறந்த வெளியில் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, ஜாசோ எம்ஏ (ஆயிலில் இயங்கும் பைக் கிளட்சுக்கு ஏற்ற தரம்) குறியுள்ள ஆயிலுக்கு மாறுங்கள்.

லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாகச் சுழற்றுங்கள். பிரஷர் பிளேட் ஒரு பக்கம் அதிகம் எழும்பி ஆடினால் ஸ்பிரிங்குகளின் பலம் சமமாக இல்லை. கழற்றி அருகருகே நிறுத்தினால் குட்டையானது கண்ணுக்கே தெரியும். ஒன்றை மட்டும் மாற்றாமல் முழு செட்டையும் மாற்றுங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து, அடியில் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் வளைந்த பிளேட், அதனால் கட் ஆகாது. பிளேட்டுகள் அடங்கியிருக்கும் கிளட்ச் டிரம்மின் பள்ளங்களில் பிளேட் காதுகள் (விளிம்பு நீட்சிகள்) வெட்டியிருந்தால் மெல்லிய அரத்தால் சீராக்கலாம். ஆழமான வெட்டுக்கு டிரம் மாற்றுவதே நல்லது. டிரம்மின் விளிம்பைப் பிடித்து ஆட்டுங்கள். தாராளமாக ஆடினால் பேரிங் போயிருக்கிறது.

பிரைமரி செயினையும் அப்போதே பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில் மேலும் கீழுமாக 6 மி.மீ. அசைவு போதும். தொய்ந்த செயின் கொடுக்கும் குலுக்கல், கிளட்ச் அதிர்வு போலவே இருக்கும்.

மூடும்போது ரப்பர் சீல் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். கசிகிறதே என்று நட்டை மேலும் மேலும் முறுக்கினால் கவர் வளையும், கசிவு நிற்காது. ஆயில் அளவைக் காட்டும் லெவல் ஸ்க்ரூவைத் திறந்து, அதிலிருந்து சொட்டும் வரை ஆயில் ஊற்றுங்கள். அரை லிட்டர் வாங்கினால் போதும். புது பிளேட் போட்டிருந்தால் 100 கி.மீ. ஓடியபின் ஃப்ரீ பிளேயை மறுபடி பாருங்கள். பிளேட் படிந்ததும் அது குறையும்.