கினிபிக் தின்னாமல் கிடந்தால் என்ன செய்வது?

சூடான, வறண்ட கச்சான் காற்று வீசிய ஓர் ஆடி மாத மத்தியானம். மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், என் முதல் கினிபிக் கூட்டின் மூலையில் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு குந்தியிருந்தது. உறங்குகிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா புள்ள, காலையில போட்ட புல்லு அப்படியே கிடக்கே?" என்று கேட்டார். வெயிலுக்குத்தான் தின்னவில்லை என்று சொன்னேன். அடுத்த நாள் விடியும்போது அது செத்துக் கிடந்தது. மாமி கண்ட அடையாளம் என் கண்ணில் படவில்லை. புதிதாக வளர்க்கிற ஒருவருக்கும் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: தராசு

கினிபிக் வருத்தத்தை மறைக்கும். காட்டில் நலிந்து தெரிவதைத்தான் வேட்டை மிருகம் முதலில் பிடிக்கும் என்பதால் அது அதன் பிறவிக்குணம். கண்ணுக்குத் தெரியாததைத் தராசு காட்டிவிடும். குசினியில் மா நிறுக்கிற டிஜிட்டல் தராசே போதும். மேலே ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கி, பிராணியை உள்ளே விடுங்கள். கிழமைக்கு ஒரு தரம், ஒரே நேரத்தில் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள்.

வளர்ந்த கினிபிக் பொதுவாக 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். 50 கிராம் குறைந்தால் நாள்தோறும் நிறுங்கள். 900 கிராம் இருந்தது 810 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது; அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போகவேண்டும்.

இரண்டாவது: புல் போடும்போது பார்ப்பது

காலையில் பை சரசரக்கும் சத்தத்துக்கே கீச்சிட்டுக்கொண்டு ஓடிவருகிறதா? வராவிட்டால் கையில் எடுத்துப் பாருங்கள். கூட்டுக்குள் புழுக்கையையும் பாருங்கள். நல்ல புழுக்கை கருங்கபிலமாக, நீளுருண்டையாக, ஒரே அளவாக இருக்கும். சிறுத்துக் காய்ந்திருந்தால் தீன் குறைந்திருக்கிறது. தண்ணியாகப் போனால் அது அவசரம்.

கண்ணில் பால் போல வெள்ளை நீர் வந்து, அதை முன்னங்காலால் தொட்டு முகம் கழுவினால் பயப்பட வேண்டாம், அது அதன் வழக்கம். கண்ணோரம் பொருக்குக் கட்டினாலோ, மூக்கில் சளி வடிந்தாலோ, மூச்சு விடும்போது கிளிக் கிளிக் என்று கேட்டாலோ நெஞ்சில் சளி பிடித்திருக்கலாம். மாரி காலத்தில் கூட்டுத் தரை ஈரமாகக் கிடக்க விடாதீர்கள். முயலோடு ஒரே கூட்டில் அடைக்கவும் வேண்டாம். முயலுக்கு ஒன்றும் செய்யாத ஒரு கிருமி கினிபிக்குக்கு நியூமோனியாவைக் கொடுக்கும்.

சிறுநீர் கழிக்கும்போது கத்தினால் அல்லது இரத்தம் தெரிந்தால் சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். மயிர் கொட்டி, தொட்டாலே துடிக்கும் அளவுக்குச் சொறிந்தால் தோலுக்குள் உண்ணி இருக்கலாம். இரண்டுக்கும் வீட்டு மருந்து இல்லை.

கொய்யா

மனிதரைப் போலவே கினிபிக்கின் உடலும் விற்றமின் சி-யைத் தயாரிக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வெளியிலிருந்து கிடைக்கவேண்டும். அது இல்லாவிட்டால் ஓரிரு கிழமையிலேயே மூட்டு வீங்கும், நொண்டும், முரசில் இரத்தம் கசியும், தூக்கினால் கத்தும். கடையில் தருகிற முயல் தீனியில் இந்தச் சத்து சேர்ப்பதில்லை. கினிபிக் தீனியில் சேர்த்தாலும், திறந்து வைத்த பையில், நம்மட சூட்டுக்கு, அது விரைவாக அழிந்துபோகும். நம் முற்றத்துக் கொய்யாவில் ஒரு சிறு துண்டு அந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் குடலை இயங்க வைப்பது புல்தான். அறுகும் கினிப்புல்லும் எந்நேரமும் இருக்கவேண்டும். வயல் வரம்பில் அறுத்தால், மருந்து அடித்த இடமா என்று வயல்காரரிடம் கேட்டுவிட்டு அறுங்கள்.

தின்னாமல் விட்டால்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கினிபிக்கின் குடல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அரை நாள் தின்னாவிட்டால் குடல் மந்தமாகி வாயு கட்டத் தொடங்கும். நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

முதலில் வயிற்றைத் தொடுங்கள். மேளம் போல இறுகி ஊதியிருந்தால் ஒன்றும் ஊட்டாமல் உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மென்மையாக இருந்தால், வைத்தியரிடம் போகும்வரை நீங்கள் ஊட்டலாம். கினிபிக் தீனியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சிப் பதத்துக்கு மசித்துக்கொள்ளுங்கள். பார்மசியில் ஊசி இல்லாத 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச் வாங்கி, நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். பிராணியைத் துவாயில் சுற்றி, நாலு காலும் நிலத்தில் இருக்கும்படி மடியில் வையுங்கள். மல்லாக்கப் போட்டால் புரையேறும். முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில், பக்கவாட்டாக நுனியை விட்டு, அரை மில்லிலீற்றர் கொடுத்து, மென்று விழுங்கும்வரை பொறுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிலீற்றர், 3 அல்லது 4 மணித்தியாலத்துக்கு ஒரு தரம். இரவிலும் எழும்பிக் கொடுக்கவேண்டும்.

தின்ன ஆசைப்பட்டுப் புல்லைக் கவ்விவிட்டுக் கீழே போட்டால் பல்லில் பிழை. அதன் 20 பல்லும் சாகும்வரை வளரும். கடைவாய்ப்பல் நீண்டு நாக்கைக் குத்தும். அதை வைத்தியர்தான் சீராக்கவேண்டும்.

கச்சான் காலம்

27 டிகிரிக்கு மேல் போனாலே கினிபிக் தவிக்கத் தொடங்கும். இங்கே பகலில் 32, 33 சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே கூடு வைக்கவே கூடாது. தண்ணீரை உறையவைத்த போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எச்சில் வடிந்து சரிந்து கிடந்தால், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் துடைத்து, நிழலில் வைத்து, வைத்தியரிடம் புறப்படுங்கள். ஐஸ் தண்ணீருக்குள் அமிழ்த்தாதீர்கள்.

மருந்துக் குளிசை

வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினைக் கரைத்துக் கொடுக்கிற பழக்கத்தைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியே போனால் குடலின் நல்ல கிருமிகளைக் கொன்று, கெட்டவற்றைப் பெருகவிட்டு, சில நாளில் பிராணியையே கொன்றுவிடும். பனடோலும் உங்கள் கணக்குக்குக் கொடுக்கவேண்டாம்.

ஊரில் இருக்கிற அரச மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு பார்க்கிறவர்கள். அதனால் முன்கூட்டியே போன் பண்ணி, கினிபிக் பார்ப்பீர்களா என்று கேட்டு, அந்த இலக்கத்தைக் கூட்டிலேயே ஒட்டிவையுங்கள். போகும்போது வெயில் ஏறமுன் போங்கள். பெட்டிக்குள் துவாயும் கொஞ்சப் புல்லும் போட்டு, எடைக் கொப்பியையும் அன்றைய புழுக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது தின்றது என்பதைத்தான்.