ஹோம் அசிஸ்டென்ட் மந்தமானால் தரவுத்தளத்தைச் சரிபார்க்கும் முறை

வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருளான ஹோம் அசிஸ்டென்டில், பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்துவிடுகிறது, ஆனால் வரலாற்று வரைபடம் திறக்க மட்டும் அரை நிமிடம் ஆகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் தரவுத்தளத்தில் இருக்கும். விளக்கே தாமதமாக எரிந்தால், தானியக்க விதிகளையும் ஜிக்பீ (சாதனங்களுக்கான கம்பியில்லாத் தொடர்பு முறை) அல்லது வைஃபை இணைப்பையும் முதலில் சோதிக்க வேண்டும். இதைப் பிரித்தறியாமல் புதிய கணினி வாங்குபவர்கள், பழைய மந்தத்தையும் அதிலேயே குடியேற்றிவிடுகிறார்கள்.

ஹோம் அசிஸ்டென்ட் தன் சாதனங்களின் நிலை மாற்றங்களை ரெக்கார்டர் என்னும் பகுதியின் வழியாக, வேறு ஏற்பாடு செய்யாதவரை, ஓர் எஸ்கியூலைட் (ஒரே கோப்பாக இயங்கும் தரவுத்தளம்) கோப்பில் எழுதி, 10 நாள் தரவை வைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்பு பல ஜிபிக்கு வளர்ந்திருந்தால், நாட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு முன், ஓயாமல் எழுதும் சென்சார் எது என்று தேடுங்கள். மின்சக்தியை அளக்கும் பிளக் ஒன்று நொடிக்கொரு முறை மாறும் அளவை அனுப்பினால் ஒரு நாளில் 86,400 வரிசைகள் சேரும். வாட், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் அப்படி அனுப்பினால் 10 நாளில் அது 25 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரே ஒரு பிளக்கின் கணக்கு இது!

தேடுவதற்கு முன் கோப்பின் காப்புப்பிரதி ஒன்றை எடுத்து, அந்தப் பிரதியை எஸ்கியூலைட் உலாவியில் திறந்துகொள்ளுங்கள். நிலைகளுக்கான அட்டவணையின் வரிசைகளை மெட்டாடேட்டா எண்வாரியாக (ஒவ்வொரு சென்சாரையும் குறிக்கும் எண்) எண்ணி, ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய பெயரைத் துணை அட்டவணையிலிருந்து இணைத்து, இறங்குவரிசையில் முதல் 20 பெயர்களைப் பார்த்தால் போதும். சிக்னல் வலிமை போன்ற, யாரும் திரும்பிப் பார்க்காத அளவுகள் அங்கே வரிசையாக நிற்பதைக் காணலாம்.

அவற்றை ரெக்கார்டர் அமைப்பின் விலக்குப் பட்டியலில் சேர்த்து, ஹோம் அசிஸ்டென்டை மறுதொடக்கம் செய்யுங்கள். விலக்கிய சென்சாருக்கு வரலாறும் நீண்டகாலப் புள்ளிவிவரமும் பதிவாகாது என்பதால், மின்செலவுக் கணக்குக்கு வேண்டிய சென்சாரை விலக்காமல், அது அளவை அனுப்பும் இடைவெளியைச் சாதனத்திலேயே நீட்டிப்பது நல்லது.

பழைய வரிசைகளை நீக்கியும் கோப்பு சுருங்கவில்லையே என்று பலர் திகைப்பதுண்டு. எஸ்கியூலைட் காலியான இடத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் காரணம். நீக்கும் கட்டளையுடன் மறுஅடுக்கலையும் (repack, கோப்பை முழுதாகத் திரும்ப எழுதுதல்) தேர்ந்தெடுத்தால்தான் கோப்பின் அளவு உடனே குறையும். ஆனால் அந்த வேலைக்கு கோப்பின் அளவைப் போல் இரு மடங்கு வரை வட்டில் காலியிடம் வேண்டியிருக்கும். அன்றாட நீக்கம் அதிகாலை 4:12க்குத் தானாகவே நடக்கும் என்பதால், காப்புப்பிரதி எடுக்கும் நேரத்தை அதிலிருந்து தள்ளி வையுங்கள்.

மறுதொடக்கத்துக்குப் பின் வரலாறு முழுவதும் காணாமல் போயிருந்தால், கோப்பு சிதைந்திருக்கக்கூடும். அத்தகைய கோப்பை ஹோம் அசிஸ்டென்ட் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும்; அமைப்புக் கோப்புறையையும் பிழைப் பதிவையும் பார்த்தால் இது தெரிந்துவிடும். திடீர் மின்வெட்டு, நிரம்பிய வட்டு, தேய்ந்த எஸ்டி கார்டு ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். எஸ்டி கார்டில் இயக்குபவர்கள் எஸ்எஸ்டிக்கு மாறுவதே என் பரிந்துரை. மரியாடிபி என்னும் வேறொரு தரவுத்தளத்துக்கு மாறுவதைக் கடைசியாக யோசிக்கலாம்: ஓயாத சென்சாரை அடக்காவிட்டால் அதுவும் நிரம்பும், பழைய வரலாறும் தானாக அங்கே போய்ச் சேராது.