குளிர் விலகும் முன் பாஸ் மீன்: லேக் ஃபோர்க்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸ் மாநிலத்தில் இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பெரிய பெருவாய் பாஸ் மீன் பிடிபட்டது 1992 ஜனவரி 24 அன்று. கடுங்குளிர் காலம். எடை 18.18 பவுண்டு, அதாவது எட்டே கால் கிலோ. பிடித்தவர் பேரி செயின்ட் கிளேர். இடம் லேக் ஃபோர்க் நீர்த்தேக்கம். அவர் அன்று பாஸ் தேடிப் போனவர்கூட அல்ல. கிராப்பி என்ற சிறு மீனுக்காக உயிருள்ள பொடிமீனை முள்ளில் கோத்து நாற்பது அடிக்கும் மேலான ஆழத்தில் இறக்கியிருந்தார்.

குளிர்காலத்தில் பாஸ் இரை எடுக்காது, மார்ச் பிறந்த பிறகு படகை இறக்கினால் போதும் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான். டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் லேக் ஃபோர்க். அணை 1980இல் முடிந்தது. ஏரியின் பரப்பு 27,000 ஏக்கருக்கும் மேல். நீர் நிரம்பும் முன் பெரும்பகுதியில் மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த மொட்டை மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலும் கீழும் நிற்கின்றன. பிப்ரவரி மாதம் அங்கே வெறுங்கையோடு திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு குளிர்காலங்கள் நானும் அப்படித்தான் திரும்பினேன். மீன் இல்லாத குறை அல்ல அது. கோடையில் கற்ற பாடத்தைக் குளிர்காலத் தண்ணீரிலும் ஒப்பித்த குறை.

விடியற்காலைப் பழக்கம்

தூண்டில் என்றால் விடியற்காலை என்பது ஊரிலிருந்தே நம்மோடு வந்த பழக்கம். கோடையில் அது சரி. பிப்ரவரியில் விடியற்காலைதான் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும் நேரம். மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் ஓட்டமும் மந்தமாகும். காலை ஆறு மணிக்கு விரல் விறைக்க வீசிக்கொண்டிருந்து, பத்து மணிக்குச் சலித்துப்போய் கிளம்புகிறவர், நல்ல நேரம் தொடங்கும் முன்பே ஏரியை விட்டுப் போகிறார். வெயில் விழுந்த நாளில் நண்பகலிலிருந்து நான்கு மணி வரைதான் நான் நம்பும் நேரம். ஓரிரண்டு டிகிரி ஏறினாலே ஆழமற்ற இடங்களில் நடமாட்டம் தெரியும்.

ஒற்றை எண்ணை நம்புவது

இதைத்தான் பெரிய தவறு என்பேன். படகிலுள்ள கருவி 54 டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டியதும் முகம் மலர்கிறது. 48 என்றால் தொங்கிப்போகிறது. எண் மட்டும் எதையும் சொல்வதில்லை. மூன்று நாளாக வெயில் காய்ந்து, 45இலிருந்து 48க்கு ஏறிய தண்ணீரில் மீன் கரையை நோக்கி நகரும், இரை தேடும். 58இல் இருந்து வடக்குக் காற்று அடித்து 54க்கு இறங்கிய தண்ணீரில் அதே மீன் வாயை மூடிக்கொண்டு மரத்தடியில் ஒட்டிக்கிடக்கும். வடக்கிலிருந்து குளிர் இறங்கிய மறுநாள் வானம் நீலமாக, மேகமே இல்லாமல் பளிச்சென்று இருக்கும். பார்க்க அழகான அந்த நாள்தான் பெரும்பாலும் மிக மோசமான நாள். விடுமுறை அன்றுதான் போக முடியும் என்றால் வேறு வழியில்லை. ஆனால் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், குளிர் வந்து போய் மூன்றாம் நாள், நான்காம் நாள் பிற்பகலைத் தேர்ந்தெடுங்கள். புறப்படும் முன் நான் ஒரு தாளில் கடந்த நான்கு இரவுகளின் குறைந்தபட்ச வெப்பத்தை எழுதிப் பார்ப்பேன். இரவு வெப்பம் ஏறிக்கொண்டே வந்தால் போதும்.

ஆழத்தில் தண்ணீர் கதகதப்பாக இருக்கும் என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. வடக்கே உறைபனி மூடிய ஏரிகளில் அது உண்மை. 4 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் அடர்த்தி மிகுதி என்பதால் அந்த நீர் அடியில் தங்கும், அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதந்து உறையும். கிழக்கு டெக்சாஸில் ஏரி அப்படி உறைவதில்லை. இலையுதிர் காலத்திலேயே மேல்நீரும் கீழ்நீரும் கலந்துவிடும். குளிர்காலத்தில் மேலுக்கும் கீழுக்கும் பெரிய வேறுபாடு இராது. ஆழம் மீனுக்குத் தருவது சூடு அல்ல, மாறாத தன்மை. வெயில் அடிக்கும் பிற்பகலில் சூடு மேலேதான், கரையோரத்தில்தான்.

இடம் பார்க்காமல் வீசுவது

பின்குளிர்காலத்தில் பாஸ் மீன் பயணத்தில் இருக்கும். டெக்சாஸில் தண்ணீர் ஏறத்தாழ 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது முட்டையிடல் தொடங்குகிறது. அது சில ஆண்டுகளில் பிப்ரவரியிலேயே நடக்கும், சில ஆண்டுகளில் மே வரை இழுக்கும். ஆண் மீன் இரண்டு முதல் எட்டு அடி ஆழத்தில் தரையைத் துடைத்துக் கூடு அமைக்கும். பெண் மீன் அதற்கு முன் வாரக்கணக்கில் அந்த இடத்துக்குக் கிட்டத்தில், ஆனால் ஆழத்துக்கு ஓடிவிடக் கூடிய தூரத்தில், தின்று கொழுத்துக் காத்திருக்கும். இந்தக் காத்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் வெற்றி இருக்கிறது.

இங்கே இரண்டு வகைத் தவறு நடக்கிறது. சிலர் நேரே ஓடையின் கடைக்கோடிக்குப் போய்விடுகிறார்கள். மீன் அங்கே வந்து சேர இன்னும் மூன்று வாரம் ஆகும். வேறு சிலர் ஏரியின் நடுவில் முப்பது அடி ஆழத்தைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். மீன் அங்கிருந்து கிளம்பி நாளாகியிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழித்தடத்தைப் பாருங்கள். நீர்த்தேக்கம் என்பது மூழ்கிய பள்ளத்தாக்கு. அணை கட்டுவதற்கு முன் ஓடிய ஓடைகளின் படுகை இன்றும் அடியில் பள்ளமாகக் கிடக்கிறது. அந்தப் பழைய ஓடை வளைந்து கரையை உரசிச் செல்லும் இடம், ஏரியிலிருந்து பிரியும் கிளையின் வாயிலில் தண்ணீருக்குள் நீளும் கரைமுனை, பாசித்திட்டு முடிந்து பள்ளம் தொடங்கும் விளிம்பு: இந்த மூன்றையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனால் நாள் வீணாகாது.

எந்தக் கரை என்பதும் முக்கியம். வடமேற்கு மூலையில் உள்ள கிளைகளுக்கு வடக்குக் காற்றிலிருந்து மறைப்பு உண்டு. தெற்குச் சாய்வில் வரும் குளிர்கால வெயில் நாள் முழுதும் அவற்றின் மேல் விழும். ஒரே ஏரியில், ஒரே பிற்பகலில், எதிரெதிர்க் கிளைகளுக்கு இடையே நான்கு டிகிரி வேறுபாட்டை என் கருவியிலேயே பார்த்திருக்கிறேன். பாலங்களுக்கு அடியில் அடுக்கிய கற்கள் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும்; அவற்றை ஒட்டி ஒரு வீச்சாவது போடாமல் நகராதீர்கள்.

மழைக்குப் பிறகு வரும் கலங்கலைப் பற்றி ஒரு வரி: வெதுவெதுப்பான மழை நீர் ஓடையில் இறங்கினால் நல்லது, குளிர்ந்த சேறு இறங்கினால் அந்தக் கிளையை விட்டுத் தெளிந்த பக்கம் போய்விடுங்கள்.

அவசர இழுப்பு

குளிர்நீரில் ஜெர்க்பெயிட் என்ற செயற்கை இரை அருமையானது. மெல்லிய மீன் வடிவம். தூண்டில் கோலை இரண்டு முறை வெட்டி இழுத்தால் பக்கவாட்டில் துள்ளி, பிறகு அந்தரத்தில் அப்படியே நிற்கும். அந்த நிற்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மத்திக்கு உறவான ஷாட் என்ற சிறு மீன்தான் இங்கே பாஸின் அன்றாட உணவு. அதில் திரெட்ஃபின் என்ற இனம் குளிர் தாங்காது. தண்ணீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் கூட்டமாகச் செத்து மிதக்கும். சாகப்போகும் மீன் நீந்தாது. இரண்டு துடிப்பு, பிறகு அசைவற்று நிற்கும், மறுபடி ஒரு துடிப்பு. அதைத்தான் நாம் நடிக்க வேண்டும். வெட்டி இழுத்துவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். 50 டிகிரிக்குக் கீழே என்றால் பதினைந்து. மூன்று எண்ணியதும் கை பரபரக்கும்; அதை அடக்கிக்கொள்ள வேண்டும். நான் பிடித்த பெரிய மீன்கள் பலவும் இரை அசையாமல் நின்றபோது வந்தவை. கடித்ததே தெரியாது. தளர்ந்திருந்த தூண்டில் நரம்பு மெல்லப் பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தரத்தில் நிற்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி அப்படியே கட்டுவது ஒரு தவறு. குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது. கோடையில் அசையாமல் நின்ற அதே இரை பிப்ரவரியில் மெதுவாக மேலே எழும். வீசும் முன் படகின் ஓரத்தில் முழங்கை அளவு தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தால், மும்முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக்கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி மறுபடி விட்டுப் பாருங்கள். மூக்கு சற்றே தாழ்ந்து, ஏறாமல் இறங்காமல் நிற்கும் வரை ஒவ்வொரு சுற்றாகக் கூட்டலாம். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்தவரும் செய்யாதவரும் ஒரே படகில் நின்று வீசினால் வித்தியாசம் மாலைக்குள் தெரிந்துவிடும். நரம்பைப் பொறுத்தவரை நீரில் தாழும் ஃப்ளோரோகார்பன் இழை போதும்.

எல்லாவற்றையும் மெதுவாகவே செய்ய வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்வதும் தவறாகிவிடும். லேக் ஃபோர்க்கில் ஹைட்ரில்லா பாசி வளர்ந்திருக்கும் இடங்கள் உண்டு. பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்காகப் புனலுக்குள் வைத்தோமே, அதே ஹைட்ரில்லா. குளிர்காலத்தில் அது தரையோடு தாழ்ந்திருக்கும். அதன் மேல் சிவப்பு நிற லிப்லெஸ் கிராங்க்பெயிட்டை வீசுவது டெக்சாஸ்காரர்களின் பழைய வழி. மூக்கில் பிளாஸ்டிக் உதடு இல்லாத, வயிற்றுக்குள் குண்டுமணிகள் குலுங்கும் தட்டையான இரை அது. ராட்-எல்-டிராப் அந்த வகையில் பெயர்பெற்றது. தரையில் ஊர்ந்து வெளிவரும் க்ராஃபிஷ் எனும், இறாலுக்கு உறவான நன்னீர் உயிரியின் நிறம் அந்தச் சிவப்பு. இழுத்துவரும்போது இரை பாசியில் சிக்கும். சிக்கியதும் பலர் அலுத்துக்கொண்டு மெல்ல விடுவித்துச் சுருட்டிவிடுகிறார்கள். சிக்கட்டும். கோலைச் சட்டென்று மேலே வெட்டிப் பிய்த்து எடுங்கள். பாசி கிழிந்து இரை விடுபட்டுத் துள்ளும் அந்தக் கணத்தில், மந்தமாகக் கிடந்த மீனும் யோசிக்காமல் பாயும்.

அப்படியானால் எப்போது வேகம், எப்போது நிதானம்? தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தால் பாசியில் கிராங்க்பெயிட். இறங்கிக்கொண்டிருந்தால் ஜெர்க்பெயிட், அல்லது ஈயத்தலை கொண்ட ஜிக்கைத் தரையோடு நத்தை வேகத்தில் இழுப்பது. இன்னொன்று: முன்னால் நிற்கும் மீனைத் திரையில் காட்டும் புதிய சோனார் கருவிகளை வைத்துக்கொண்டு, அசையாத ஒரு புள்ளிக்கு முன் ஒரு மணி நேரம் செலவழிப்பவர்களைப் பார்க்கிறேன். பத்து வீச்சுக்கு அசையாத மீனை விட்டுவிட்டு அடுத்த கரைமுனைக்குப் போங்கள்.

தண்ணீரில் விழ மாட்டோம் என்று நினைப்பது

மீன் கிடைக்காவிட்டால் நாள் போனது. இதில் தவறினால் உயிர் போகும். 50 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இராது. அந்த நிமிடத்தில் தண்ணீரைக் குடித்துவிடுபவர்களே அதிகம் மூழ்குகிறார்கள். அடுத்த பத்து நிமிடம் கைகால் ஓரளவு சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு விரல்கள் படகின் விளிம்பைக்கூடப் பற்றாது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதுதான் கதி. எனவே மிதவை உடையை இருக்கைக்கு அடியில் வைக்காதீர்கள். உடுத்தியிருங்கள், படகு நிற்கும்போதும்.

இயந்திரத்தை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்வது 26 அடிக்குக் குறைவான விசைப்படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படியே கட்டாயம். லேக் ஃபோர்க்கில் சட்டம் சொல்லாவிட்டாலும் மாட்ட வேண்டும். நீர்மட்டத்துக்கு ஒரு கையளவு கீழே மறைந்து நிற்கும் மொட்டை மரத்தில் படகு மோதினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மிதவைகளால் குறித்த படகுப் பாதையை விட்டு வேகமாக ஓட்டாதீர்கள். காரில் ஒரு பையில் மாற்றுடையும் கம்பளிச் சட்டையும் இருக்கட்டும்.

பிடித்த பிறகு

இந்தப் பருவத்தில் கிடைக்கும் பெரிய மீன் அநேகமாகப் பெண், வயிறு நிறைய முட்டையோடு இருப்பது. அதைக் கீழ்த்தாடையில் மட்டும் பிடித்து அந்தரத்தில் தொங்கவிட்டுப் படம் எடுப்பது தாடையைச் சிதைக்கும். கையை நனைத்துக்கொண்டு, மற்றொரு கையால் வயிற்றுக்குப் பின்புறம் தாங்கிப் பிடியுங்கள். நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளும் நேரம்தான் அதற்கும் வெளியில் இருக்கும் நேரம். ஆழத்திலிருந்து மேலே வந்த மீனின் காற்றுப்பை உப்பியிருக்கும். அதைத் தொட்டியில் அடைக்காமல் உடனே விட்டுவிடுங்கள்.

விதியும் தெரிந்திருக்க வேண்டும். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையிலான பாஸ் மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து மீன், அதில் 24 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றே ஒன்று. 17 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு உரிமம் வேண்டும். அது பெரும்பாலும் ஆகஸ்ட் 31உடன் காலாவதியாகும். ஒவ்வோர் ஆண்டும் மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையின் புதிய விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

13 பவுண்டோ அதற்கு மேலோ எடையுள்ள ஒரு மீன் உங்கள் கையில் வந்துவிட்டால், அது ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரையிலான காலமாக இருந்தால், அதே துறையின் ஷேர்லங்கர் திட்டத்துக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். 1986இல் தொடங்கிய திட்டம் அது. அதன் முதல் மீனே லேக் ஃபோர்க்கில் பிடிபட்டதுதான். அவர்கள் வந்து மீனை ஏதென்ஸ் நகரிலுள்ள நன்னீர் மீன் மையத்துக்குக் கொண்டுபோய் முட்டையிடச் செய்கிறார்கள். குஞ்சுகள் மாநிலத்தின் ஏரிகளுக்குப் போகின்றன. அவர்கள் வந்து சேரும் வரை மீனைக் காற்றோட்டமுள்ள தொட்டியில், ஏரித் தண்ணீரிலேயே வைத்திருங்கள். படம் ஒன்று போதும்.