கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் ஒழுகினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டர் புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்து ஏறக்குறைய விடைபெற்றுவிட்டது. ஆனால் நீலகிரியில் பழைய வண்டிகள் விடைபெறவில்லை. தேயிலைத் தோட்டப் பாதைகளிலும், கேரட் வயல்களுக்கு இறங்கும் மண் தடங்களிலும் புல்லட்டும் ஸ்ப்ளெண்டரும் ஆர்.எக்ஸ். 100-உம் இன்றும் ஓடுகின்றன. பட்டறைக்கு வேலை பழக வரும் இளைஞர்களோ கார்பரேட்டருக்குப் பதிலாக மின்முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் கை பழகியவர்கள். பெட்ரோல் ஒழுகும் கார்பரேட்டரை அவர்கள் கையாளும் விதத்தைப் பார்க்கும்போது, அவற்றில் பல நானே ஒரு காலத்தில் செய்தவை என்பதால் கோபம் பாதியாகத் தணிந்துவிடுகிறது. ஒன்றில் மட்டும் தணிவதில்லை. கிளிப் மாட்ட மறப்பதையும், ட்ரெயின் ஸ்க்ரூவை இறுக்காமல் விடுவதையும் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை காலில் பெட்ரோல் கொட்டினால் அந்தப் பாடம் தானே வந்துவிடும்.

சொட்டும் இடமே கசியும் இடம் என்று முடிவு செய்வது

பெட்ரோல் டேப்பின் நெம்புகோலடியில் கசியும் பெட்ரோல், ஹோஸின் வெளிப்புறமாக வழிந்து, கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கப்பைச் சுற்றி வந்து, அதன் அடியிலிருந்துதான் சொட்டும். அதைப் பார்த்துக் கப்பைக் கழற்றி, நன்றாக இருந்த கேஸ்கெட்டைக் கிழித்துவிட்டுப் புதியதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. முதலில் டேங்க் அடியிலிருந்து கப் வரை எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு சாக்பீஸ் பொடியை மெல்லியதாகத் தூவி, டேப்பைத் திறந்துவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பொடி முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் கசிவு.

மூடுபனிக் காலத்தில் இந்த ஊரில் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. இரவு வெளியில் நின்ற வண்டி காலையில் எங்கு தொட்டாலும் ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரத்தைத் தாளில் ஒற்றி எடுத்தால், பெட்ரோல் சிறிது நேரத்தில் மறைந்துவிடும், நீர் தாளைச் சுருங்கவைத்துவிட்டு நிற்கும். மூக்கை மட்டும் நம்புவது சரிவராது. பட்டறையில் எல்லாமே பெட்ரோல் வாடைதான்.

எம்-சீலும் சிலிக்கானும்

ஓட்டையடைக்கும் இந்தப் பசைகளைக் கார்பரேட்டரின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பழைய பிளாஸ்டிக் குழாய்

குளிரில் விறைத்துப்போகும்; வெட்டிச் சிறிதாக்கி மீண்டும் மாட்டாமல், பெட்ரோலுக்கென்றே விற்கும் ரப்பர் ஹோஸை வாங்குங்கள்.

ஓவர்ஃப்ளோ குழாயை அடைப்பது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கார்பரேட்டர் கப்புக்குள் பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் என்ற மிதவையும் மேலே ஏறி, அதன் நாக்கு நீடில் என்ற கூம்பு முனை ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் துளையை அடைக்கிறது. நீடிலுக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவில் ஒரு துரும்பு சிக்கினாலே அடைப்பு முழுமையாவதில்லை; பெட்ரோல் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். அப்படி ஏறுவதை வெளியே விடுவதற்காகத்தான் பல கார்பரேட்டர்களில் கப்புக்குள் ஒரு சிறிய பித்தளைக் குழாய் நிற்கிறது. மாடித் தொட்டி நிரம்பினால் சுவரோரமாகத் தண்ணீர் கொட்டும் குழாய் எதற்காக இருக்கிறதோ, அதற்காகவே இதுவும் இருக்கிறது.

இந்தக் குழாயின் வெளி நுனியில் ஒரு போல்ட்டைச் சொருகி, மேலே கிளிப்பும் போட்டுவிட்டால் சொட்டுவது நின்றுவிடும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். ஆனால் பெட்ரோல் ஏறுவது நிற்கவில்லை. போக வழியில்லாத பெட்ரோல், எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் துளைகள் வழியாக மேலெழுந்து, வண்டி நிற்கும் சாய்வைப் பொறுத்து, ஏர் ஃபில்டர் பக்கமாகவோ எஞ்சின் பக்கமாகவோ வழியும். இன்டேக் வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், அது நேராகச் சிலிண்டருக்குள் இறங்கி, ரிங்குகளைக் கடந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். டேங்க் மேலேயும் கார்பரேட்டர் கீழேயும் இருப்பதால் பெட்ரோலை இழுக்க எந்தப் பம்ப்பும் தேவையில்லை. டேப் திறந்திருந்தால் இரவு முழுவதும் அது தானே இறங்கிக்கொண்டிருக்கும். நம் ஊரில் சமதளத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே அரிது என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து 150 சிசி வண்டி ஒன்று வந்தது. வீட்டுத் திண்ணையில் நிறுத்தினால் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்பதுதான் புகார். நான் வெளியூர் சென்றிருந்த நேரத்தில், பட்டறையில் பழகிக்கொண்டிருந்த தம்பி ஓவர்ஃப்ளோ குழாயை மிக நேர்த்தியாக அடைத்து அனுப்பிவிட்டான். சில நாள் கழித்து அந்த வண்டிக்காரர் வழியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வாடையே இல்லைங்கண்ணா. ஆயில்கூடக் குறையலை, கொஞ்சம் ஏறித்தான் இருக்கு." ஆயில் ஏறியிருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் வண்டியை உடனே கொண்டுவரச் சொன்னேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு வேலை இருக்கிறது, போய்விட்டு வந்து விடுகிறேன் என்றார். திரும்பி ஏறும்போது குஞ்சப்பனைக்கு மேலே எஞ்சினில் தட்டும் ஓசை கேட்டிருக்கிறது; சிறிது தூரத்தில் வண்டி இறுகி நின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது ஆயில் தண்ணீர்போல் ஓடியது. கனெக்டிங் ராடின் பெரிய பேரிங் பொடிந்துபோயிருந்தது. கிராங்க்கைக் கோவையில் உள்ள லேத் பட்டறைக்கு அனுப்பித்தான் சரிசெய்ய முடிந்தது. ஒரு நீடில் செட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

ஆயில் நீர்த்துப்போவதைவிட விரைவாகக் கேடு செய்யும் இன்னொன்றும் உண்டு. சிலிண்டர் நிறையப் பெட்ரோல் நின்றிருக்கும்போது பிஸ்டன் மேலேறினால், திரவத்தை அதனால் அமுக்க முடியாது. கிக்கர் அடிக்கும் வண்டியில் கிக்கர் கல்லைப்போல் நின்றுவிடும், அது நல்வாய்ப்பு. செல்ஃப் ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை, கனெக்டிங் ராடே வளையக்கூடும். இப்படி நிரம்பிவிட்டது என்ற ஐயம் எழுந்தால், டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, சாவியை அணைத்த நிலையிலேயே கிக்கரை மெதுவாக மிதித்துப் பெட்ரோலை வெளியேற்ற வேண்டும். சாவி போட்டிருந்தால் பிளக் வயரில் பாயும் பொறி, பீய்ச்சியடிக்கும் பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். அதன்பின் ஆயிலை முழுவதுமாக மாற்ற வேண்டும். ஏறியிருக்கும் அளவை மட்டும் வடித்துவிட்டு மீதியை ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. நீடில், ஃப்ளோட் இரண்டையும் புதிதாக மாற்றிய பிறகும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகவே சொட்டிக்கொண்டிருந்தால், கப்புக்குள் நிற்கும் அந்தப் பித்தளைக் குழாயே விரிசல் கண்டிருக்கலாம். விரிசல் மயிரிழை அளவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கப்பைத் தனியே கழற்றி, பித்தளைக் குழாயின் மேல் நுனிக்குக் கீழே நிற்குமளவு பெட்ரோல் ஊற்றி, கையில் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பாருங்கள். கீழ்த்துளையில் ஈரம் தெரிந்தால் கப்பைத்தான் மாற்ற வேண்டும்.

நீடிலை மாற்றிவிட்டுச் சீட்டைப் பார்க்காமல் விடுவது

நீடிலின் கூம்பு முனையில் வளையம்போல் தேய்ந்த தடம் இருந்தால் அது கழிவுதான். ஆனால் அது உட்காரும் சீட்டில் பச்சைப் படிவோ அழுக்கோ இருந்தால் புதிய நீடிலும் ஒழுகவே செய்யும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் உலோக மெருகுப் பசையைத் தொட்டு, சீட்டைச் சுற்றித் துடைத்து, பெட்ரோலால் கழுவினால் போதும். உப்புத்தாளை உள்ளே விடுவதும், நீடிலை வைத்து மேலிருந்து சுத்தியால் தட்டி உட்காரவைப்பதும் சீட்டைக் கெடுக்கும் வழிகள். பல கார்பரேட்டர்களில் சீட் தனியாகக் கழன்று வராது என்பதால், கெட்டால் கார்பரேட்டரே போயிற்று. ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும். ஐயமிருந்தால் வெந்நீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கி, தொலைவாகக் கொண்டுவந்த பின்பே அதைச் செய்ய வேண்டும்.

டேங்க்கில் துரு இருக்கும்வரை இந்த வேலை எல்லாம் தற்காலிகமே. இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. மழைக்காலம் முழுவதும் பாதி டேங்க்கோடு நிற்கும் வண்டிகளில் அடியில் நீரும் துருவும் சேர்வது நாள்தோறும் நான் பார்ப்பது. பழைய ரப்பர் பாகங்களையும் எத்தனால் உப்பவைத்து இளக்கும்.

உயரத்தைக் கசிவு என்று நினைப்பது

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்களவே. சமவெளிக்கென அமைத்த கார்பரேட்டர் இங்கே காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் கொடுக்கும். பிளக் கறுக்கும், புகையில் பெட்ரோல் வாடை அடிக்கும், மைலேஜ் குறையும். ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாத வண்டியில் இதைப் பார்த்துவிட்டு, ஃப்ளோட்டின் நாக்கை வளைத்துப் பெட்ரோல் மட்டத்தைக் குறைக்கிறார்கள். கசிவும் இல்லை, மருந்தும் இதுவல்ல. மலையிலேயே ஓடும் வண்டிக்கு மெயின் ஜெட்டை ஒரு படி சிறியதாக மாற்றலாம். வாரந்தோறும் கோவை போய்வரும் வண்டிக்கு அதையும் நான் செய்ய மாட்டேன். கீழே இறங்கியதும் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும்.

குளிர்காயும் நெருப்பு

சுழியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் பெட்ரோல் பற்றக்கூடிய ஆவியை விடும், அந்த ஆவி தரையோடு ஊர்ந்து செல்லும். தை மாத உறைபனி அதற்கு ஒரு பொருட்டே அல்ல, கரியடுப்பைத் தெருவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பு வரை நிரப்புவது

காலைக் குளிரில் உதகையில் டேங்க்கை முட்ட நிரப்பிக்கொண்டு, நண்பகலில் மேட்டுப்பாளையம் வெயிலில் நிறுத்தினால் மூடி வழியாகப் பெட்ரோல் கசியும். வெப்பம் 20 டிகிரி கூடினால் பெட்ரோல் ஏறத்தாழ 2 விழுக்காடு விரியும். 12 லிட்டர் டேங்க்கில் அது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்த வண்டியில் மூடியின் ரப்பரை மாற்றவோ கார்பரேட்டரைக் கழற்றவோ வேண்டியதில்லை, நிரப்பும்போது கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழேயே நிறுத்தச் சொன்னால் போதும்.